ஒரே கார்டுக்கு எழுதலாமா? குமரி மாவட்டத்துக் கேம் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிதறால்

அன்புள்ள மக்களே,

குழித்துறையிலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் பொறியியல் படித்துக்கொண்டே கேம் செய்கிறவர்கள், படிப்பை முடித்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய் வந்துகொண்டு ராத்திரியில் சொந்த கேமோடு மல்லுக்கட்டுகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆளுக்கொரு பதில் சொல்லி மாளவில்லை. கேள்வி என்னவோ ஒன்றுதான்.

"ஒரு சில்லு நிறுவனத்தார் கூப்பிடுகிறார்கள் அண்ணா. அவர்கள் கார்டுக்கென்றே செய்த கிராபிக்ஸ் ஏபிஐயில் எழுதினால் கார்டு இலவசம். சந்தேகம் கேட்க அவர்கள் பொறியாளர் இருப்பார். கேம் வெளிவரும்போது அவர்கள் செலவில் விளம்பரம். ஒத்துக்கொள்ளலாமா?"

ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஏபிஐ நாளைக்கே இல்லாமல் போனாலும் கேம் ஓடும் என்ற நிலையில் இருந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். என் பதில் இவ்வளவுதான். இப்படிச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தொழிலில் இதே கேள்வி முன்பும் வந்திருக்கிறது. அப்போது என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

முதலில், அந்த ஏபிஐ உங்களுக்கு எதை விற்கிறது என்று பார்ப்போம். நம்மூர் சிதறால் மலையையே கேம் ஆக்கப்போவதாக உங்களில் ஒரு குழு எனக்கு மாதிரி காட்டியது. கல் பதித்த பாதை, இரண்டு பக்கமும் மரங்கள், பாறை இடுக்கில் நுழைந்து போனால் தீர்த்தங்கரர் சிற்பங்கள், பக்கத்தில் சிங்கத்தோடு அம்பிகா, அப்புறம் பகவதி கோயில், சுனை. பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால் திக்கித் திக்கி வந்தது. ஏன்? பாதையின் ஒவ்வொரு கல்லும் தனிப் பொருள், ஒவ்வொரு மரமும் தனிப் பொருள். ஒவ்வொன்றையும் வரையச் சொல்லி சிபியு ஜிபியுவுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. அதுதான் ட்ரா கால். வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லி வினாடி. ஒரு ட்ரா காலுக்கு 5 மைக்ரோ வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 கால் போனால் 15 மில்லி வினாடி அதிலேயே போயிற்று. ஆளை நடக்க வைக்கவும், ஒலி எழுப்பவும், மோதலைக் கணக்கிடவும் மிச்சம் ஒன்றும் இல்லை. ஜிபியு சும்மா உட்கார்ந்திருக்கும், சிபியு வியர்த்துக்கொண்டிருக்கும்.

பழைய டைரக்ட்3டி 11, ஓப்பன்ஜிஎல் போன்றவற்றில் இந்தச் செலவு கூடுதல். ஒவ்வொரு கட்டளையும் சரிதானா என்று டிரைவர் சோதிக்கும். எந்த டெக்ஸ்சர் எந்த நினைவகத்தில் இருக்கவேண்டும் என்று தானே முடிவு செய்யும். நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஊகிக்கும். வேலையும் பெரும்பாலும் ஒரே திரெட்டில் குவியும். கார்டுக்கென்றே செய்த ஏபிஐ இந்த இடைத்தரகை ஒதுக்கிவிட்டு, "சில்லோடு நீயே பேசு" என்கிறது. வேகம் கிடைப்பது உண்மை. கூடவே, டிரைவர் இதுவரை செய்துவந்த நினைவகக் கணக்கும் ஒத்திசைவுக் கணக்கும் உங்கள் தலையில் ஏறுகின்றன.

இந்த வியாபாரத்தை முதலில் பெரிய அளவில் நடத்தியது 3டிஎஃப்எக்ஸ். சிலிக்கான் கிராபிக்ஸிலிருந்து வெளியே வந்தவர்கள் 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. 1996இல் அவர்களுடைய வூடூ கார்டு வந்தது. அதில் 2டி வேலைக்கு இடமே இல்லை. ஏற்கனவே இருக்கும் கார்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இதன் வழியாக மானிட்டருக்குக் கொண்டுபோகவேண்டும். மொத்தம் 4 எம்பி நினைவகம். ஆனால் 3டியில் அன்றைக்கு வீட்டுக் கணினியில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கார்டோடு வந்த ஏபிஐதான் க்ளைட். ஓப்பன்ஜிஎல்லில் வூடூ சில்லால் செய்ய முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்ட சிறிய ஏபிஐ. கற்றுக்கொள்வது சுலபம், ஓடுவது வேகம். டைரக்ட்3டி அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. க்வேக்கை எழுதிய ஜான் கார்மாக் அதைக் கடுமையாக விமர்சித்து, ஓப்பன்ஜிஎல் பக்கம் நின்றார். இந்த இடைவெளியில் க்ளைட் புகுந்தது. டூம் ரைடருக்கு க்ளைட் பேட்ச் வந்தது. 1998இல் அன்ரியல் வெளிவந்தபோது ஜிபியு வழி என்றால் முதன்மையாக க்ளைட்தான்.

நிரலாளர்கள் அன்று முட்டாள்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். எல்லாருக்கும் பொதுவான வழி மோசமாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் வழி நன்றாக இருந்தது. வாங்குகிறவர் கையில் அந்த நிறுவனத்தின் கார்டு இருந்தது. அதனால் போனார்கள். சரியான முடிவுதான்.

அந்த நிலை நீடிக்கவில்லை. அதே காலத்தில் எஸ்3 நிறுவனம் மெட்டல் என்று ஒரு ஏபிஐ வைத்திருந்தது. இன்றைய ஆப்பிள் மெட்டலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெண்டிஷனுக்குத் தனி ஏபிஐ, பவர்விஆருக்குத் தனி ஏபிஐ. எல்லாருக்கும் எழுத எந்தக் குழுவுக்கும் ஆள் இல்லை. இன்னொரு பக்கம், க்ளைட் வூடூவின் பலத்தைப் போலவே அதன் பலவீனத்தையும் சுமந்துகொண்டிருந்தது. டெக்ஸ்சர் 256க்கு 256 பிக்சலுக்கு மேல் போகாது. 1999இல் வந்த வூடூ 3கூட 16 பிட் நிறத்தில்தான் வரைந்தது. போட்டியாளர்கள் 32 பிட்டுக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்து, சிபியு செய்துவந்த வடிவியல் கணக்கையும் ஒளிக் கணக்கையும் சில்லுக்கு இழுத்துக்கொண்டது. டைரக்ட்3டியும் பதிப்புக்குப் பதிப்பு தேறியது. 1999 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் க்ளைட்டின் மூல நிரலைத் திறந்துவிட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2000 டிசம்பரில், நிறுவனத்தின் சொத்துகளை என்விடியாவுக்கு விற்கும் ஒப்பந்தம் ஆனது. 2002இல் திவால்.

சரி, க்ளைட்டை மட்டும் நம்பிய கேம்கள் என்ன ஆயின? நம் மலைமேல் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி அம்மனுக்குப் பொன் அணி கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கல் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருகிறவர்களால் அதில் ஒரு சொல்லை வாசிக்க முடியாது. கல்வெட்டு படித்தவர் ஒருவர் பெயர்த்துச் சொன்னால்தான் உண்டு. க்ளைட் கேம்களும் இப்படித்தான். குறுந்தட்டில் நிரல் கெடாமல் இருக்கிறது, புரிந்துகொள்ளும் சில்லுதான் இல்லை. என்க்ளைட், டிஜிவூடூ போன்ற பெயர்ப்பு நிரல்களை ஆர்வலர்கள் எழுதி வைத்ததால்தான் இன்று அவை ஓடுகின்றன. உங்கள் கேமுக்கு அப்படி ஓர் ஆர்வலர் கிடைப்பார் என்று நம்பித் தொழில் செய்ய முடியாது.

இரண்டாவது கதை உங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2013 செப்டம்பரில் ஏஎம்டி மேன்டிலை அறிவித்தது. ஸ்வீடனின் டைஸ் நிறுவனத்தில் பேட்டில்ஃபீல்டு எஞ்சினை எழுதிய யோஹான் ஆண்டர்சன், டிரைவரின் சுமையைக் குறைக்கும் ஏபிஐ வேண்டும் என்று சில்லு நிறுவனங்களை ஆண்டுக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஏஎம்டிதான் காது கொடுத்தது. அந்த ஆண்டு இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஏஎம்டி சில்லுதான். ஆகவே கன்சோலுக்கு எழுதும் கை கணினிக்கும் அப்படியே எழுதும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். ஆனால் எக்ஸ்பாக்ஸில் மேன்டில் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சீக்கிரமே சொல்லிவிட்டது.

2014 ஜனவரி கடைசியில் பேட்டில்ஃபீல்டு 4க்கு மேன்டில் பேட்ச் வந்தது. விலை உயர்ந்த சிபியு வைத்திருந்தவருக்குக் கிடைத்த லாபம் கொஞ்சம். மெதுவான சிபியு வைத்திருந்தவருக்கு நல்ல லாபம். சொன்னதைச் செய்தது என்றே சொல்லவேண்டும். பிறகு தீஃப், ஸ்னைப்பர் எலைட் 3, சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த், டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் என்று சில வந்தன. கடைசிவரை எண்ணினாலும் மேன்டில் கேம்கள் பத்தைத் தொடவில்லை. அதிலும் பாதி ஒரே எஞ்சினிலிருந்து, டைஸின் ஃப்ராஸ்ட்பைட்டிலிருந்து வந்தவை. தனித்தனி கேம் குழுக்கள் மேன்டிலைத் தேடிப் போனார்கள் என்று சொல்ல முடியாது. எஞ்சினில் அது ஏறியதால், அந்த எஞ்சினில் செய்த கேம்களில் அது தானாக இறங்கியது. ஒரு ஏபிஐ பரவுவதும் பரவாததும் எஞ்சின் எழுதுகிற சில பேர் கையில் இருக்கிறது என்பதை அப்போதே படித்திருக்கலாம்.

இன்னொன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். 2014 செப்டம்பரில் ஏஎம்டியே ஆர்9 285 என்ற புதிய கார்டை வெளியிட்டது. அதே குடும்பத்துச் சில்லு, கொஞ்சம் மேம்படுத்தியது. அதில் பேட்டில்ஃபீல்டு 4ஐ மேன்டிலில் ஓட்டினால் டைரக்ட்3டியைவிட மெதுவாக ஓடியது. காரணம் புரிகிறதா? டைரக்ட்3டியில் புதிய சில்லுக்கு ஏற்ப டிரைவரைத் திருத்துவது ஏஎம்டி வேலை. மேன்டிலில் நினைவகத்தைக் கேம்தான் ஆள்கிறது. கேம் எழுதியவர்கள் பழைய சில்லுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். புதிய சில்லு வந்தபோது அவர்கள் அடுத்த கேமுக்குப் போயிருந்தார்கள். எதிராளியின் கார்டை விடுங்கள், அதே நிறுவனத்தின் அடுத்த கார்டுக்கே பொருந்தவில்லை. சில்லோடு நேரடியாகப் பேசுகிறவர், சில்லு மாறும்போதெல்லாம் திரும்பப் போய்ப் பேசவேண்டும். விற்று முடிந்த கேமுக்கு அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார்?

இன்டெல் 2014இல் மேன்டிலைப் பார்க்கக் கேட்டது. இன்னும் சோதனையில் இருக்கிறது என்று ஏஎம்டி தரவில்லை. அதற்குள் ஆப்பிள் மெட்டலை அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் டைரக்ட்3டி 12ஐ அறிவித்தது. 2015 மார்ச்சில் ஏஎம்டியே நிரலாளர்களிடம், இனி டைரக்ட்3டி 12ஐயோ, க்ரோனோஸ் அமைப்பு செய்துகொண்டிருக்கும் புதிய ஏபிஐயையோ பாருங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தப் புதிய ஏபிஐதான் வல்கன். மேன்டிலை ஏஎம்டி க்ரோனோஸுக்குக் கொடுக்க, அதன்மேல் கட்டி 2016 பிப்ரவரியில் வல்கன் 1.0 வெளிவந்தது. 2019இல் ஏஎம்டி தன் டிரைவரிலிருந்தும் மேன்டிலை எடுத்துவிட்டது.

மேன்டில் தோற்றதா? நிறுவனத்தின் கணக்கில் தோற்றது போலத் தெரியும். தொழிலின் கணக்கில் அது ஜெயித்தது. இப்படியும் செய்ய முடியும் என்று ஓடுகிற கேமை வைத்துக் காட்டியது, மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். ஆனால் அந்த வெற்றியில் பங்கு கிடைத்தது வல்கனுக்கும் அதைக் கற்றவர்களுக்கும். மேன்டிலுக்கு மட்டும் எழுதிய நிரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்து ஏபிஐ நல்ல வாதம், குடியிருக்கத் தக்க வீடு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

"ஆப்பிளின் மெட்டல் நிலைத்துவிட்டதே அண்ணா" என்பீர்கள். நிலைத்தது. சில்லும் அவர்களுடையது, இயங்குதளமும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது. 2018இல் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், வல்கனை உள்ளே விடவில்லை. ஐபோனில் விற்கவேண்டுமா, மெட்டல் வழியாக வா என்கிறார்கள். வேறு வாசல் இல்லாத இடத்தில் அந்த வாசலில் நுழைவதை விருப்பம் என்று சொல்ல முடியாது. கன்சோல்களும் அப்படியே. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு என்விடியாவோடு சேர்ந்து செய்த என்விஎன், பிளேஸ்டேஷனுக்கு சோனியின் சொந்த ஏபிஐ, எக்ஸ்பாக்ஸுக்கு டைரக்ட்3டி.

நம் மொழிக்காரர்கள் செய்ததையே பாருங்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 'வெண்பா'வை வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்பு, இட்லியில் தொடங்கும் விளையாட்டு. மறுவருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. விண்டோஸ், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. அந்த ஒவ்வொரு இயந்திரமும் திரையில் இட்லித் தட்டை வரையத் தன் சொந்த வழியைக் கேட்கும். அத்தனை வழியையும் ஒரு சிறிய குழு கையால் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதெல்லாம் எஞ்சின் சுமக்கவேண்டிய பாரம். கதையும் கைப்பக்குவமும்தான் குழுவின் வேலை.

பழைய கதை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 2008இல் என்விடியா ஏஜியாவை வாங்கி, பிசிக்ஸ் என்ற இயற்பியல் நிரலைத் தன் கார்டில் முடுக்கி ஓட்டியது. மிரர்ஸ் எட்ஜ், பேட்மேன்: ஆர்க்கம் அசைலம், பார்டர்லேண்ட்ஸ் 2 என்று பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி சிதறுவதும் துணி கிழிவதும் பார்க்க நன்றாகவே இருந்தது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது 32 பிட் நிரல்களுக்கான அந்த ஆதரவு போய்விட்டது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கார்டில், பத்துப் பதினைந்து வருடப் பழைய கேம் அந்த வசதியை இயக்கினால் தள்ளாடியது. கூச்சல் எழுந்த பிறகு, ஆண்டு இறுதியில் சில கேம்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தார்கள். அந்தச் சிலவற்றில் உங்களுடையது இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களிடம் விளையாடப்போகிறவர் யார் என்று பாருங்கள். 2011இலிருந்து தமிழக அரசு எல்காட் வழியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் தனி கிராபிக்ஸ் கார்டு எதிர்பார்க்க முடியாது. நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் முதல் நிரலை எழுதியதே அதில்தான். அதைவிட அதிகம் ஆண்ட்ராய்டு போன்கள். ஒன்றில் குவால்காமின் அட்ரீனோ, இன்னொன்றில் ஆர்மின் மாலி, வேறொன்றில் பவர்விஆர். ஒரே வகுப்பறையில் மூன்றும் இருக்கும். ஆண்ட்ராய்டு 7இலிருந்து, அதாவது 2016இலிருந்து, வல்கனுக்கு இடம் உண்டு. 2025இல் கூகுள் அதையே ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ கிராபிக்ஸ் ஏபிஐ என்று அறிவித்தது. உங்கள் உழைப்பு முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

ஆகவே, அந்த நிறுவனத்தாரிடம் உட்கார்ந்து பேசும்போது நான்கு விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, கேமில் எது தாமதம் என்று அளந்துவிட்டுப் போங்கள். மலைப்பாதைக் கேமைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். பாதைக் கற்கள் எல்லாம் நாலைந்து வடிவங்களின் நகல்கள். இன்ஸ்டன்ஸிங் போட்டால் ஆயிரம் கல்லுக்கு ஐந்து ட்ரா கால் போதும். பாறை மறைக்கிற மரங்களை வரையாமல் விட்டால் இன்னும் குறையும். இதற்குப் புதிய ஏபிஐ எதற்கு? இந்தத் திருத்தம் எல்லா கார்டிலும், அரசு லேப்டாப்பிலும்கூடப் பலன் தரும்.

இரண்டாவது, ஏபிஐயின் பெயர் உங்கள் நிரலில் ஒரே அடுக்கில்தான் தென்படவேண்டும். ஆள் நடக்கிற நிரலில் அது எட்டிப்பார்த்தால் பிறகு பிரிக்க முடியாது. கோடோ எஞ்சினின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, போய்ப் படியுங்கள். 2023இல் கோடோ 4 வல்கனோடு வந்தது. 4.3இல் டைரக்ட்3டி 12ஐயும் 4.4இல் மெட்டலையும் அதே அடுக்கின் கீழே சொருகினார்கள். மேலே எழுதிய கேம்களைத் திருப்பி எழுதச் சொல்லவில்லை.

மூன்றாவது, அந்தப் பொறியாளர் எத்தனை நாள் உங்களோடு இருப்பார், புதிய சில்லு வந்தால் திருத்தித் தருவது யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. கேமை அவர்கள் கார்டுக்கு மட்டுமே தரவேண்டும் என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்காவது, அவர்களிடமிருந்து எடுக்கவேண்டியதை முழுக்க எடுங்கள். சில்லு எப்படி வேலை செய்கிறது, நினைவகம் எங்கே அடைத்துக்கொள்கிறது, ஷேடர் எங்கே காத்துக்கிடக்கிறது என்பதை அந்தச் சில்லைச் செய்தவர்களைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. மேன்டிலில் பாடுபட்டவர்கள் வல்கனுக்கு வந்தபோது புதிதாகத் தொடங்கவில்லை. ஏபிஐ போனாலும் அந்த அறிவு கையில் நின்றது.

வரிசை இதுதான் மக்களே: முதலில் வல்கனிலோ, அதைச் சுமக்கும் எஞ்சினிலோ கேமை முடியுங்கள். அதை மலிவான ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ஏபிஐயை மேலதிக வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கார்டு இருப்பவருக்கு இன்னும் வேகமாக ஓடட்டும். முடிந்த கேமைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு அவர்களும் கூடுதல் மரியாதை கொடுப்பார்கள். முடியாத கேமை வைத்துக்கொண்டு இலவசக் கார்டுக்குப் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
சிதறால் நிரலாளன்